காட்டு முயலும் வீட்டு முயலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



எனக்கு முன் பேசியவர்கள் இலக்கியத்தின் இனிமையையும் மொழியின் தொன்மையையும் அழகுற எடுத்துரைத்தார்கள். நான் புலவன் அல்லேன். வேலூர்ப் பக்கத்திலிருந்து அலுவலின் பொருட்டுச் சித்தூருக்கு வந்து, பின்னர்க் காணிப்பாக்கத்தில் ஒரு சிறு வீடு கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டவன். "முயல் வளர்த்த கதையைச் சொல்லுங்கள் ஐயா, பிள்ளைகள் விரும்பிக் கேட்பார்கள்" என்று நம் செயலாளர் பணித்தார். அவர் ஆணையைத் தட்ட இயலவில்லை.

ஆனால், காணிப்பாக்கத்தில் குடியிருப்பவனுக்கு ஒரு தொல்லை உண்டு. அவ்வூர் வரசித்தி விநாயகர் சத்தியத்தின் தெய்வம். கொடுக்கல் வாங்கலிலே வழக்கு எழுந்தால், கிணற்று நீரிடையே எழுந்தருளியிருக்கும் அப்பெருமான் திருமுன் ஆணையிட்டுத் தீர்த்துக்கொள்வது இவ்வட்டாரத்தின் நெடுநாள் வழக்கம். அங்கே நின்று பொய்யுரைக்க எவரும் அஞ்சுவர். அவ்வூரிலிருந்து வந்தவன் பாதி உண்மையைச் சொல்லிக் கைதட்டல் பெறுதல் முறையன்று. ஆகவே, முயல் வளர்த்த பெருமையை மட்டுமன்று, அதில் செய்த பிழையையும் சேர்த்தே சொல்கின்றேன்.

கடலைக் கொல்லையில் கிடைத்த குட்டி

2003 ஆம் ஆண்டு, ஆடி மாதத்துக் கடைசி. எங்கள் வீட்டிற்குப் பின்னால் உள்ள நிலக்கடலைக் கொல்லையில் களையெடுப்பு நடந்துகொண்டிருந்தது. களையெடுத்த அம்மாள் ஒருவர் முந்தானையில் எதையோ பொத்திக்கொண்டு வந்தார். "குந்தேலு பில்ல, சார்! தாயைக் காணோம். உங்கள் வீட்டில்தான் குந்தேலு இருக்கிறதே, அதனோடு விட்டுவிடுங்கள்" என்று தெலுங்கில் சொன்னார். குந்தேலு என்றால் முயல். முந்தானையை விலக்கிப் பார்த்தேன். என் கைப்பிடிக்குள் அடங்கும் ஓர் உயிர். மண்ணின் நிறத்தில் அடர்ந்த மயிர். அகல விழித்த கரிய கண்கள். ஓசையில்லை, அசைவில்லை, நெஞ்சு மட்டும் அடித்துக்கொண்டிருந்தது.

அப்பொழுது என் மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்காக வாங்கிய வெள்ளை முயல்கள் இரண்டு கொல்லைப்புறத்துக் கூண்டில் இருந்தன. பெண்முயல் ஐந்து நாளுக்கு முன்புதான் ஆறு குட்டிகள் ஈன்றிருந்தது. "ஆறோடு ஏழாக இதுவும் பால் குடிக்கட்டும் அப்பா!" என்றாள் மகள். எனக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. காட்டில் பிறந்தாலும் முயல் முயல்தானே என்று எண்ணினேன்.

பெரியோர்களே! அந்த நேரத்தில் நான் கண்ணைத் திறந்து பார்த்திருந்தால் பிழை நேர்ந்திராது. பெட்டிக்குள் கிடந்த ஆறு குட்டிகளும் பிறந்து ஐந்து நாள் ஆகியும் கண் திறவாமல், மெல்லிய மயிர் அப்போதுதான் அரும்பிய இளஞ்சிவப்பு உடலோடு நெளிந்துகொண்டிருந்தன. என் கையில் இருந்த குட்டியோ முழு மயிரோடும் திறந்த கண்ணோடும் இருந்தது. இரண்டும் வெவ்வேறு என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டுமோ? சான்று கண்முன் இருந்தது. நான் படிக்கத் தவறினேன்.

குட்டியைப் பெட்டிக்குள் விட்டோம். தாய்முயல் மோந்து பார்த்தது. பின்னங்காலால் தரையை ஓங்கி அடித்தது. குட்டி அசைந்ததுதான் தாமதம், பாய்ந்து கடித்தது. மகள் அலறிக்கொண்டு குட்டியை எடுத்தாள். காதின் ஓரம் கிழிந்து குருதி கசிந்தது. அன்றிரவு பசும்பாலைச் சொட்டுக்குழலால் புகட்டினோம். மறுநாள் வயிறு உப்பிக்கொண்டது.

மருத்துவர் சொன்ன பாடம்

சித்தூரிலிருந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் ஓடினேன். அவர் குட்டியைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு முறை பார்த்தார். "இது உங்கள் கூண்டு முயலுக்குத் தம்பியுமல்ல, தங்கையுமல்ல, பெயர் ஒன்றாயிருப்பதால் ஏமாந்துவிட்டீர்கள்" என்றார். அன்று அவர் சொன்னதையும், அதன்பின் நான் படித்து அறிந்ததையும் தொகுத்துச் சொல்கின்றேன்.

நம் கடலைக் கொல்லைகளிலும் புதர்க்காடுகளிலும் வாழ்வது இந்தியக் காட்டு முயல். அதன் பிடரியில் கரிய பட்டை ஒன்று உண்டு. அதனால் அறிஞர் அதனைக் கரும்பிடரி முயல் என்பர். கூண்டில் வளரும் முயல் ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின் நாட்டுப் பகுதியில் தோன்றிய குழிமுயலின் வழிவந்தது. நியூசிலாந்து வெள்ளை, சோவியத் சின்சில்லா என்று எத்தனை வகை சொன்னாலும், அத்தனையும் அந்தக் குழிமுயலின் மக்களே. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆடு மற்றும் உரோம ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையம் இருக்கிறது. அங்கே வளர்க்கும் முயல்களும் இவ்வகையினவே. இந்தியக் காடுகளில் குழிமுயல் இயல்பாக வாழ்வதில்லை. ஆகவே, நம் நாட்டில் ஒருவர் காட்டிலிருந்து ஒரு முயற்குட்டியைக் கொண்டுவந்தால், அது வீட்டு முயலின் காட்டுக் கிளை அன்று. முற்றும் வேறான ஓர் இனம்.

வேற்றுமை எத்துணை என்கிறீர்களா? குழிமுயலின் உயிரணுவில் 44 குரோமோசோம்கள். காட்டு முயலுக்கு 48. இரண்டும் கூடினாலும் குட்டி பிறவாது. குழிமுயல் ஏறக்குறைய 31 நாள் சூல் கொண்டு, மண்ணுக்குள் தோண்டிய வளையில், தன் மயிரையே பிடுங்கி மெத்தையிட்டு, மயிரில்லாக் குருட்டுக் குட்டிகளை ஈனும். கண் திறக்கப் பத்து நாள் ஆகும். காட்டு முயலோ நாற்பது நாளுக்கு மேல் சுமந்து, வெட்டவெளியில் புல்லிடையே ஈனும். குட்டி பிறக்கும்போதே கண் விழித்திருக்கும், மயிர் போர்த்திருக்கும், சிறிது நேரத்தில் நடக்கவும் வல்லது. அதற்கு வளை கிடையாது. உடல் அழுந்திய சிறு பள்ளமே அதன் வீடு.

இரண்டுக்கும் பொதுவானவையும் உண்டு. இரண்டும் எலியினத்தைச் சேர்ந்தவை அல்ல. மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னே மறைவாக இன்னும் ஓரிணைச் சிறு பற்கள் இருக்கும். இவற்றைக் கொறிப்பனவற்றினின்றும் பிரித்துத் தனி வரிசையாக வைக்க வேண்டுமென்று கிட்லி என்னும் அமெரிக்க அறிஞர் 1912 ஆம் ஆண்டில் எழுதினார். மற்றொரு பொதுமை தாய்மார்கள் கேட்க வேண்டியது. இவ்விரு இனத்துத் தாயும் குட்டிகளோடு நாள் முழுதும் இருப்பதில்லை. பெரும்பாலும் நாளுக்கு ஒரு முறை வரும், சில நிமிடம் பால் கொடுக்கும், போய்விடும். அன்பின்மையால் அன்று. தன் நாற்றத்தைத் தொடர்ந்து நரியும் நாயும் குட்டி இருக்குமிடத்தை அறிந்துவிடாமைப் பொருட்டு. காட்டு முயல் பெரும்பாலும் அந்தி மயங்கிய பின்னரே வரும்.

இதைக் கேட்டதும் என் நெஞ்சில் முள் தைத்தது. "தாயைக் காணோம்" என்று அந்த அம்மாள் சொன்னது பகல் பதினொரு மணிக்கு. அந்நேரத்தில் தாய் அங்கே இராததுதான் இயல்பு. அநாதை என்று எண்ணி நாங்கள் எடுத்துவந்த குட்டி அநாதை அன்று. அன்று மாலை அதன் தாய் கடலைக் கொல்லைக்கு வந்து தேடியிருக்கும்.

ஒரு பெயர், இரண்டு உயிர்

இப்பிழைக்கு நம் மொழிவழக்கும் ஒரு காரணம் என்று சொன்னால் சினங்கொள்ளாதீர்கள். தமிழில் பழங்காலந்தொட்டு முயல் என்றால் காட்டு முயலே. வள்ளுவர் படைச்செருக்கில் யானையோடு ஒப்பிட்டுச் சொன்னதும், நம் பாட்டிமார் நிலவில் காட்டிச் சோறூட்டியதும் அந்தக் காட்டு முயலைத்தான். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று வாதிடுவோனும் அதைத்தான் பிடித்திருப்பான். கூண்டு முயல் பிற்காலத்தில் மேனாட்டிலிருந்து வந்தபோது அதற்கெனத் தனிப்பெயர் கொள்ளாமல் பழைய பெயரையே சூட்டிவிட்டோம். தெலுங்கரும் அவ்வாறே இரண்டையும் குந்தேலு என்கின்றனர். பெயர் ஒன்றானதும் இயல்பும் ஒன்றென்று மயங்கினோம். குழிமுயல் என்ற சொல்லை நம் பிள்ளைகளுக்குப் பழக்கினால் இம்மயக்கம் தீரும்.

தீபாவளி இரவு

கதைக்குத் திரும்புகின்றேன். குட்டி பிழைத்துக்கொண்டது. மருத்துவர் பசும்பாலை நிறுத்தச் சொன்னார். பசும்பாலில் கொழுப்பு நூற்றுக்கு 4 பங்கு அளவே. முயலினத்துப் பாலில் அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் உண்டு. அவர் சொன்னபடி ஆட்டுப்பாலை அளவறிந்து, குட்டியை நிமிர்த்திப் பிடித்து, அதுவே நக்கிக் குடிக்கும்படி சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். விரைந்து புகட்டினால் பால் நுரையீரலுக்குள் போய்விடும் என்பது அவர் எச்சரிக்கை. சில நாளில் அறுகம்புல் நுனியைக் கொறிக்கத் தொடங்கியது. மகள் அதற்குச் "சிட்டு" என்று பெயரிட்டாள்.

மருத்துவர் கடைசியாகச் சொன்ன சொல் ஒன்று: "கூண்டு முயல்களோடு சேர்க்காதீர்கள், வளர்ந்ததும் வனத்துறையாரைக் கேட்டுக் காட்டருகே விட்டுவிடுங்கள்." முதற்பகுதியை இரண்டு மாதம் காத்தோம். சிட்டு தனி அறையில் இருந்தது. பிறகு, தனியே கிடக்கிறதே என்று மகள் இரங்கினாள். வெள்ளை முயல்களுக்கு நான் கட்டியிருந்த பெரிய கம்பிவலை அடைப்பில் பகலில் சிறிது நேரம் விட்டோம். ஆண்முயல் சிட்டைத் துரத்தியது. நாளடைவில் துரத்தல் குறைந்தது. மூன்றும் ஒரே தட்டில் தின்னக் கண்டோம். ஒற்றுமை வந்துவிட்டது என்று மகிழ்ந்தோம். பார்க்க வந்தவர்களெல்லாம் வியந்தார்கள். எனக்கும் உள்ளூரப் பெருமைதான். இரவிலும் அங்கேயே விட்டோம்.

தீபாவளி வந்தது. முன்னிரவில் தெருவிலே வெடிச்சரம் ஒன்று திடீரென்று வெடித்தது. நான் கொல்லைப்புறத்துத் திண்ணையில் இருந்தேன். வெள்ளை முயல்கள் இரண்டும் நொடிப்பொழுதில் மரப்பெட்டிக்குள் புகுந்துகொண்டன. சிட்டு பெட்டிப் பக்கமே திரும்பவில்லை. அதன் குருதியில் பெட்டி என்பது இல்லை. வளை என்பது இல்லை. அச்சம் வந்தால் ஓட வேண்டும்; அதுவே அதன் முன்னோர் கற்றுத் தந்த ஒரே பாடம். ஓடியது. பத்தடியில் கம்பிவலை. மோதி விழுந்து, எழுந்து, மறுபுறம் பாய்ந்து மீண்டும் மோதியது. நான் கதவைத் திறந்து உள்ளே போவதற்குள் பின்னங்கால்கள் இரண்டும் செயலற்று இழுபட்டன. முதுகெலும்பு முறிந்துவிட்டது. விடியும் முன் இறந்தது.

வெடி வைத்த பிள்ளைகள் மீது குற்றமில்லை. பண்டிகை நாளில் வெடிப்பது இயல்பு. வெள்ளை முயல்கள் மீதும் குற்றமில்லை. ஓடிப் பிழைக்கும் உயிரை, ஒளிந்து பிழைக்கும் உயிருக்குக் கட்டிய அடைப்பில் வைத்த என்மீதே குற்றம். அச்சம் ஒன்றே, அவ்விரண்டும் அதற்குக் கண்ட வழிதான் வேறு. ஒரே தட்டில் தின்றதைக் கண்டு ஒன்றாகிவிட்டன என்று நான் நினைத்தேன். இன்பத்தில் ஒன்றாயிருப்பவை துன்பம் வந்தபோதுதான் வேறென்று விளங்குகின்றன.

மேனாட்டில் இருவர்

இத்துறையில் நான் தனியன் அல்லேன். வில்லியம் கூப்பர் என்ற ஆங்கிலக் கவிஞர் மனநோயால் வருந்தி, ஓல்னி என்ற சிற்றூரில் வாழ்ந்த காலம். அண்டை வீட்டுப் பிள்ளைகள் விளையாட்டுப் பொருளாக வைத்திருந்து சலித்துவிட்ட ஒரு காட்டு முயற்குட்டியை 1774 ஆம் ஆண்டில் அவர் ஏற்றுக்கொண்டார். செய்தி பரவியதும் பலரும் குட்டிகளைக் கொண்டுவந்தனர்; அவர் மூன்றை மட்டும் வளர்த்தார். புஸ், டைனி, பெஸ் என்பன அவற்றின் பெயர்கள். அவரது அனுபவக் கட்டுரை 1784 இல் ஓர் இதழில் வெளிவந்தது. மூன்றும் ஒரே கையால் உணவு உண்டவை. ஆயினும் புஸ் அவர் மடியில் ஏறி அமர்ந்தது; டைனியோ ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தும் கடைசிவரை சீற்றம் தணியாமலே இருந்தது. அவர் செய்த இரண்டு செயல்களை நான் முன்பே அறிந்திருந்தால் சிட்டு பிழைத்திருக்கும். ஒன்று, ஒவ்வொன்றுக்கும் உறங்கத் தனித்தனி அறை அமைத்தார். மற்றொன்று, புஸ் நோயுற்றபோது மற்ற இரண்டினின்றும் பிரித்து வைத்துப் பணிசெய்தார்; நோயுற்றதைக் கூட்டாளிகளே துன்புறுத்தும் என்பது அவர் கண்ட உண்மை. தன்னினத்தோடே அப்படியென்றால், பிறவினத்தோடு எப்படி?

நம் காலத்திலே குளோயி டால்டன் என்ற ஆங்கில மாது, கொரோனா ஊரடங்குக் காலத்தில் நாட்டுப்புறத்தில் தங்கியிருந்தபோது, பாதையில் கிடந்த ஒரு காட்டு முயற்குட்டியை எடுத்து வளர்த்தார். அக்கதையை 2024 இல் நூலாக வெளியிட்டார். அவர் அதற்குப் பெயர் இடவில்லை, கூண்டு செய்யவில்லை, கதவைத் திறந்தே வைத்தார். அது வெளியே போயிற்று. விரும்பியபோது திரும்பி வந்தது. வளர்ப்பது வேறு, உடைமையாக்கிக்கொள்வது வேறு என்பதை அம்மாது உணர்ந்திருந்தார். நான் உணரவில்லை.

செய்யத் தக்கது யாது?

எம்மைப்போல் பிழைசெய்யாதிருக்க நீங்கள் நினைவிற்கொள்ள வேண்டியவை சிலவே.

வயலிலோ புதரிலோ காட்டு முயற்குட்டி தனியே இருக்கக் கண்டால், எடுக்காதீர்கள். களையெடுப்போ அறுவடையோ நடக்கும் இடமாயின், கையில் புல்லை வைத்துப் பற்றி, அருகிலுள்ள வரப்போரத்து நிழலில் வைத்துவிட்டு விலகிப் போங்கள். அறியாமல் வீட்டிற்குக் கொண்டுவந்துவிட்டீர்களா? அன்றே எடுத்த இடத்தில் கொண்டுபோய் வையுங்கள். மனிதன் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீண் அச்சம். நாய்களை மட்டும் கட்டிவையுங்கள்.

குட்டி காயம்பட்டிருந்தாலும், உடல் சில்லிட்டுத் துவண்டிருந்தாலும், எறும்பு மொய்த்திருந்தாலும், தாய் இறந்து கிடக்கக் கண்டாலும் மட்டுமே எடுக்கலாம். எடுத்தால் வனத்துறையாரிடம் சேர்க்க வேண்டும். 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் காட்டு முயலையும் காக்கிறது. அச்சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பிடித்தலும் அடங்கும். இதை அறியாமலே சிட்டை வளர்த்தேன். அறியாமை ஒரு விளக்கமாகலாம், விலக்காகாது.

ஒப்படைக்கும் வரை வைத்திருக்க நேர்ந்தால், வீட்டு முயல்கள் இருக்கும் இடத்திற்கு அப்பால், இருண்ட, ஓசையற்ற அட்டைப்பெட்டியில் வையுங்கள். தட்டும் துணியும் வேறாக இருக்கட்டும். ஒன்றைத் தொட்ட கையைக் கழுவிய பின்னரே மற்றொன்றைத் தொடுங்கள். சண்டையைவிட நோய் கொடியது. 1984 இல் சீனத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட முயல் குருதிக்கசிவு நோய் குழிமுயல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. 2010 இல் பிரான்சில் தோன்றிய அதன் புதிய வகை காட்டு முயல் இனங்கள் சிலவற்றையும் பற்றுகிறது. நலமாய்த் தோன்றும் விலங்கும் நோயைச் சுமந்திருக்கக்கூடும்.

வீட்டு முயல் வளர்க்க விரும்பும் இளைஞர்கள் தாராளமாக வளர்க்கலாம். அது மனிதனோடு பல தலைமுறை பழகிய உயிர். பெட்டியே அதற்குப் புகலிடம். ஐயம் எழுந்தால் கேட்பதற்குத் திருப்பதியில் 1955 இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி நமக்கு அருகிலேயே இருக்கிறது. ஆனால், சலித்துவிட்டதென்று வீட்டு முயலைக் காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். பெட்டியில் பிறந்ததற்குக் காடு கூண்டினும் கொடிது.

மறு ஆண்டு

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கின்றேன். மறு ஆண்டு அதே கொல்லையில், அதே அம்மாள் மீண்டும் ஒரு குட்டியைக் கண்டார். இம்முறை எடுக்கவில்லை, வந்து என்னை அழைத்தார். குட்டி இருந்த இடத்தைச் சுற்றி நான்கு சால் களையெடுக்காமல் விடச் சொன்னேன். மாலையில் நானும் மகளும் அந்த அம்மாளும் தொலைவிலிருந்த மாமரத்தடியில் ஓசையின்றி அமர்ந்திருந்தோம். கதிரவன் மறைந்தது. ஆள் முகம் தெரியாத நேரம். வரப்பின் மேல் இரண்டு நீண்ட காதுகள் எழுந்தன. தாய்முயல் நின்றது, காற்றை மோந்தது, இறங்கிக் கடலைச் செடிகளுக்குள் மறைந்தது. ஒரு வெற்றிலை போட்டு மென்று முடிக்கும் நேரம் இருக்கும். பிறகு வந்த வழியே போய்விட்டது. "போன வருடமும் இப்படி வந்திருக்கும், இல்லையா அப்பா?" என்று மகள் கேட்டாள். நான் மறுமொழி சொல்லவில்லை.

காணிப்பாக்கத்தின் அருகே ஓடும் ஆற்றிற்குப் பாகுதா என்று பெயர். மகாபாரதத்துச் சாந்தி பருவத்தில் வரும் கதையை அறிவீர்கள். லிகிதர் என்ற முனிவர் தம் தமையனாரின் தோட்டத்துப் பழத்தைக் கேளாமல் பறித்து உண்டார். பிழையை உணர்ந்து அரசனிடம் தாமே சென்று தண்டனை வேண்டிப் பெற்று, இரு கைகளையும் இழந்தார். பாகுதையில் நீராடியபோது கைகள் மீண்டும் முளைத்தன. அந்த ஆறே இந்த ஆறு என்பது எங்கள் ஊரார் நம்பிக்கை. தனக்கு உரிமையில்லாததைக் கேளாமல் எடுத்த கை ஒருமுறை வெட்டுண்டுதான் தீரும். பிழையை ஒப்புக்கொண்டவனுக்கு அக்கை திரும்பக் கிடைப்பதும் உண்டு. அன்று மாமரத்தடியில், ஒன்றையும் எடுக்காமல் மடியில் வைத்திருந்த கைகளை என் புதிய கைகளாகவே கருதுகின்றேன்.